நிற்கும் காலும் நடக்கும் காலும்: ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் வழி

ரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டினால், "நரம்பே கிடைக்கலையே" என்பார் லேபில் ஊசி போடுபவர். அவர் தேடுவது நரம்பை அல்ல. நரம்பு என்பது மூளைக்கும் உடலுக்கும் இடையே சேதி கொண்டுபோகும் இழை. அதற்குள் ரத்தம் ஓடாது. ஊசி இறங்குவது சிரையில். மும்பைத் தமிழருக்கு இந்தக் குழப்பம் இரட்டிப்பாகும், ஏனென்றால் இந்தியிலும் 'நஸ்' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் புழங்குகிறது. "கால் நரம்பு சுருட்டிக்கிச்சு" என்று சொல்லி, நரம்பியல் டாக்டருக்குச் சீட்டு எடுத்து, பாதி நாள் வரிசையில் நின்று, "இங்கே இல்லை, சர்ஜரி ஓ.பி.டி.க்குப் போங்க" என்று திரும்பி வருவதற்கு இந்தச் சொல்லே போதும். மராத்தியில் சொல்லும் 'ஷீர்' நம் சிரைக்குச் சொந்தக்காரச் சொல்தான். இந்தக் கட்டுரையில் இனி சிரை என்றே வைத்துக்கொள்வோம். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோவது தமனி, இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது சிரை.

'சிரை என்றால் அழுக்கு ரத்தம், நீல ரத்தம்' என்று பள்ளியில் படித்ததை முதலில் ஒதுக்கி வைத்துவிடலாம். ஓய்வாக இருக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தில் ஏறக்குறைய 75 சதவீத ஆக்சிஜன் இன்னும் மிச்சமிருக்கிறது. அதன் நிறமும் நீலமில்லை, கருஞ்சிவப்பு. தோலின் வழியாக ஒளி புகுந்து திரும்பும் விதத்தால்தான் சிரை நமக்கு நீலமாகத் தெரிகிறது. போதாக்குறைக்கு, நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு வரும் நான்கு சிரைகளில் ஓடுவது ஆக்சிஜன் நிரம்பிய ரத்தம். சிரை என்ற பெயர் ரத்தத்தின் தரத்தைப் பார்த்து வைத்ததல்ல, அது போகும் திசையைப் பார்த்து வைத்தது.

வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. எந்த நொடியில் எண்ணிப் பார்த்தாலும் அதில் மூன்றில் இரண்டு பங்கு சிரைகளுக்குள்தான் இருக்கும். சிரை வெறும் குழாயல்ல, ரத்தக் கிடங்கும்கூட. அதன் சுவர் மெல்லியது, எளிதில் விரியும். உள்ளே அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் நிறைய ரத்தத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். தமனியின் சுவர் தடித்து விறைப்பாக இருப்பதால் அது இப்படி விரிந்து கொடுப்பதில்லை. இந்த ஒரு வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பாதி விஷயம் தானாகவே விளங்கிவிடும்.

இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் வெளியே தள்ளுகிறது என்றால் நிமிடத்துக்கு 5 லிட்டர் அதற்குத் திரும்பி வந்தாக வேண்டும். வராததை அது எங்கிருந்து தள்ளும்? கூடுதலாக வந்தால் அறைச்சுவர் கூடுதலாக இழுபடும், அடுத்த துடிப்பு இன்னும் பலமாக இருக்கும். நல்ல பயிற்சி உள்ளவர் ஓடும்போது நிமிடத்துக்கு 20 லிட்டருக்கு மேல் போவது இதனாலும்தான்: காலும் மூச்சும் சேர்ந்து ரத்தத்தைத் திருப்பி அனுப்புகின்றன, வேகமெடுத்த இதயம் வந்ததையெல்லாம் தள்ளுகிறது.

வழியைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். தமனிக்கும் சிரைக்கும் நடுவே உள்ள மயிரிழை போன்ற நுண்குழாய்களிலிருந்து சிறு சிரைகள், அவை கூடிப் பெரிய சிரைகள். இடுப்புக்குக் கீழிருந்தும் வயிற்றிலிருந்தும் வருவதெல்லாம் கீழ்ப்பெருஞ்சிரையில் சேர்ந்து, முதுகெலும்பின் வலப்புறமாக ஏறி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தைத் துளைத்து இதயத்தின் வலது மேலறைக்குள் நுழைகிறது. தலை, கழுத்து, கைகளின் ரத்தம் மேற்பெருஞ்சிரை வழியாக அதே அறைக்கு இறங்குகிறது. குடலின் ரத்தம் மட்டும் நேராக வருவதில்லை. அது கல்லீரலுக்குள் ஒருமுறை வடிகட்டப்பட்ட பிறகே கீழ்ப்பெருஞ்சிரையில் கலக்கும். கல்லீரல் சுருங்கிக் கெட்டிப்பட்டவர்களுக்கு வயிற்றில் நீர் கோப்பதற்கு அங்கே ஏற்படும் அடைப்பு முக்கியக் காரணம்.

காலில் இரண்டு அடுக்குச் சிரைகள் உண்டு. தசைகளுக்கு நடுவே ஓடும் ஆழ்சிரைகள் காலின் ரத்தத்தில் சுமார் 90 சதவீதத்தைச் சுமக்கின்றன. தோலுக்கு அடியில் கண்ணுக்குத் தெரிபவை மேற்சிரைகள். இரண்டையும் குறுக்கே இணைக்கும் குட்டிச் சிரைகள் மேற்சிரையிலிருந்து ஆழ்சிரைக்கு மட்டும் ரத்தத்தை விடும்.

இப்போது பலரும் கேட்கும் கேள்விக்கு வருவோம். நிற்கும்போது பாதத்திலிருந்து நாலடி உயரம் ரத்தம் எப்படி ஏறுகிறது?

கட்டிடத்தில் வாட்ச்மேன் மோட்டார் போட்டுக் கீழ்த்தொட்டித் தண்ணீரை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றுவதைத்தான் உடனே உவமையாகச் சொல்வார்கள். பாதி சரி, பாதி தப்பு. மொட்டைமாடித் தொட்டி திறந்த அமைப்பு, ஏற்றிய தண்ணீர் அங்கேயே கொட்டிவிடும். உடலோ மூடிய வளையம். பாந்த்ரா-குர்லா வளாகத்தின் கண்ணாடிக் கட்டிடங்களில் ஏ.சி.க்காகக் குளிர்ந்த தண்ணீர் குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருமே, அதுதான் பொருத்தமான உவமை. அங்கே இறங்கும் குழாயில் உள்ள தண்ணீரின் எடை ஏறும் குழாயில் உள்ள தண்ணீரைச் சமன்செய்துவிடும். மோட்டார் உயரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம், உராய்வை மட்டும் வென்றால் போதும்.

உடலிலும் கணக்கு அதேதான். படுத்திருக்கையில் தமனியின் சராசரி அழுத்தம் சுமார் 95 மி.மீ. பாதரசம், பாதத்துச் சிரையில் சுமார் 10, வலது மேலறையில் பூஜ்யத்துக்குப் பக்கம். எழுந்து நின்றால் நாலடி ரத்தத்தூணின் எடை, ஏறக்குறைய 90, பாதத்தின் இரண்டு பக்கமும் கூடுகிறது. பாதத் தமனியில் 185, பாதச் சிரையில் 100. வித்தியாசம் மாறவேயில்லை. ஆகவே இதயம் கொடுத்த மிச்ச அழுத்தமே ரத்தத்தை மேலே கொண்டுவந்துவிடும். அசையாமல் நிற்பவரின் காலிலும் ரத்தம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அப்படியானால் தொல்லை எங்கே? குழாய் மெத்தென்று இருப்பதில்தான். ஏ.சி. குழாய் இரும்பு, சிரை அப்படியல்ல. பாலித்தீன் பையில் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடித்தால் அடிப்பகுதி உப்புகிறதல்லவா, நிற்கும்போது கால் சிரைகளும் அப்படி உப்பி, அரை லிட்டருக்கும் மேலான ரத்தத்தைக் கீழேயே பிடித்து வைத்துக்கொள்கின்றன. அந்த அளவு இதயத்துக்கு வரவேண்டியதில் குறைகிறது. அதோடு, சிரையில் 100 என்று அழுத்தம் நின்றால் அதற்கு முந்தைய நுண்குழாய்களிலும் அழுத்தம் ஏறி, ரத்தத்தின் நீர் சதைக்குள் கசியத் தொடங்கும். மாலையில் செருப்பு இறுக்குவது இதனால்தான்.

இதற்குத்தான் கெண்டைக்கால் இருக்கிறது. 'இரண்டாவது இதயம்' என்று அதைச் சொல்வது விளம்பர வாசகம் போலத் தோன்றினாலும் தகும். கெண்டைத் தசைகளுக்குள் ரத்தம் தேங்கும் அகலமான சிரைப் பைகள் உண்டு. ஓர் அடி எடுத்து வைக்கும்போது தசை இறுகி அவற்றைப் பிழிகிறது. அங்கே நிற்கும் ரத்தத்தில் பாதிக்கு மேல் ஒரே பிழிவில் வெளியேறும். வெளியேறுவது மேலே மட்டும் போகவேண்டும் என்பதற்காகத்தான் வால்வுகள். சிரையின் உட்சுவரிலிருந்து மெல்லிய இரண்டு இதழ்கள் மேல்நோக்கித் திறந்திருக்கும். ரத்தம் மேலே போனால் சுவரோடு ஒதுங்கும், கீழே சரிந்தால் இதழுக்குள் நிரம்பி இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மோட்டார் பக்கத்தில் பிளம்பர் மாட்டும் நான்-ரிட்டர்ன் வால்வு செய்யும் வேலைதான். கணுக்காலுக்கும் தொடைக்கும் இடையே இவை நெருக்கமாக உண்டு. இடுப்புக்கு மேலே கீழ்ப்பெருஞ்சிரையில் ஒன்றுகூடக் கிடையாது. பைபாஸ் அறுவை சிகிச்சைக்குக் காலின் நீண்ட மேற்சிரையை எடுத்து இதயத் தமனியில் தைக்கும்போது சர்ஜன் அதைத் தலைகீழாகத் திருப்பித்தான் தைப்பார். திருப்பாவிட்டால் வால்வே ரத்தத்தை மறித்துவிடும்.

தசை தளர்ந்ததும் உள்ளே காலியிடம் உண்டாகிறது. மேலே போனது வால்வால் இறங்க முடியாது, ஆகவே பாதத்திலிருந்தும் மேற்சிரையிலிருந்தும் புதிய ரத்தம் உள்ளே இழுபடுகிறது. பத்துப் பன்னிரண்டு அடி நடந்ததும் பாதச் சிரையின் அழுத்தம் 100-லிருந்து 30 அல்லது அதற்கும் கீழே விழுந்துவிடும். கெண்டைக்காலின் வேலை ரத்தத்தை மேலே தூக்குவது மட்டுமல்ல. நாலடி நீளத் தூணை வால்வுகளால் துண்டு துண்டாக வெட்டி, பாதத்தின் மேல் அமரும் பாரத்தைக் குறைப்பதுதான் அதைவிடப் பெரிய வேலை. நடையை நிறுத்தினால், வால்வு நன்றாக உள்ளவருக்கு அழுத்தம் பழையபடி ஏற 20 நொடிக்கு மேல் ஆகும். வால்வு கெட்டவருக்கு அதற்குள்ளாகவே ஏறிவிடும், ஏனென்றால் மேலே போனதே திரும்பி விழுகிறது.

வால்வு இருப்பதை நம் கையிலேயே பார்க்கலாம். 1628-இல் வில்லியம் ஹார்வி ரத்தம் சுற்றி வருகிறது என்று நிறுவியபோது காட்டிய சோதனையும் இதுதான். சிரை எடுப்பாகத் தெரியும் ஒருவரின் கையைத் தொங்கவிட்டு, முழங்கைக்கு மேலே துண்டால் மிதமாகக் கட்டுங்கள். மணிக்கட்டில் நாடி நின்றுவிட்டால் கட்டு இறுக்கம் என்று பொருள். முன்கைச் சிரை புடைத்து, இடையிடையே சிறு முடிச்சுகள் தெரியும். அவைதான் வால்வுகள். ஒரு விரலால் சிரையை மணிக்கட்டுப் பக்கமாக ஓரிடத்தில் அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கை நோக்கி அடுத்த முடிச்சைத் தாண்டும்வரை வழித்துவிட்டு அந்த விரலை எடுங்கள். முடிச்சுக்குக் கீழே சிரை வெறுமையாகவே கிடக்கும், மேலிருந்து ரத்தம் இறங்காது. கீழ்விரலை எடுத்ததும் சட்டென்று அடியிலிருந்து நிரம்பும். ஒரு நிமிடத்துக்குள் கட்டை அவிழ்த்துவிடுங்கள். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்த இணைப்பு) வைத்த கையில் இதைச் செய்யக் கூடாது.

மூச்சும் ஒரு பம்புதான். உள்ளிழுக்கும்போது நெஞ்சுக்கூடு விரிந்து அதனுள் அழுத்தம் குறைகிறது. அதே நேரம் உதரவிதானம் கீழிறங்கி வயிற்றை அமுக்குகிறது. கீழே அமுக்கல், மேலே இழுப்பு, நடுவில் கீழ்ப்பெருஞ்சிரை. மூச்சைப் பிடித்து முக்கினால் எல்லாம் தலைகீழாகும். நாதஸ்வரம் வாசிப்பவர் நீண்ட பிடி பிடிக்கும்போது கழுத்துச் சிரை கயிறு போலப் புடைப்பதைக் கவனித்திருப்பீர்கள். நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறியதால் தலையின் ரத்தம் உள்ளே நுழைய முடியாமல் வாசலில் நிற்கிறது. மலச்சிக்கலோடு முக்குபவருக்கும், கேஸ் சிலிண்டரை மூச்சடக்கித் தூக்குபவருக்கும் இதயத்துக்கு வரும் ரத்தம் அந்தச் சில நொடிகளில் குறையும். கழிவறையில் வயதானவர்கள் மயங்கி விழுவதற்கு இது ஒரு காரணம்.

இன்னும் இரண்டு உதவிகள் உண்டு. இதயத்தின் கீழறை சுருங்கும்போது மேலறையின் தரை கீழே இழுபட்டு அங்கே சிறு உறிஞ்சல் உண்டாகிறது. எழுந்து நின்ற சில நொடிகளில் தானியங்கு நரம்புகள் சிரைச் சுவர்களை இறுக்கி, முக்கியமாக வயிற்றுப் பகுதிக் கிடங்கிலிருந்து, ரத்தத்தை வெளியே தள்ளுகின்றன. வயதாலோ சர்க்கரை நோயாலோ இந்தக் கட்டளை தாமதப்பட்டால், படுக்கையிலிருந்து எழுந்ததும் கண் இருட்டும். ஒரு நிமிடம் கட்டிலோரம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழுவது இவர்களுக்கு வெறும் பழக்கமல்ல, தேவை.

மாட்டுங்காவில் தோசைக்கல் முன் நிற்கும் மாஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஒரே இடம். கல்லின் சூட்டில் தோலுக்கடியில் உள்ள சிரைகள் இன்னும் விரியும். கெண்டைக்கால் இறுகித்தான் இருக்கிறது, ஆனால் இறுகித் தளர்ந்தால்தான் பம்பு. நின்றபடி இறுகியே இருக்கும் தசை பிழிவதில்லை. அவரைவிட மேசைக்கும் அடுக்களைக்கும் நடக்கும் சப்ளையரின் கால் நன்றாக இருக்கும், இருவரும் ஒரே நேரம் வேலை பார்த்தாலும். மாஸ்டர் செய்யக்கூடியது இது: கால் மணிக்கு ஒருமுறை இருபது தடவை குதிகாலைத் தூக்கி இறக்குவது, சின்னப் பலகை போட்டுக் காலை மாற்றி மாற்றி வைப்பது, இரவில் கட்டிலின் கால்மாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல் அடுக்கிப் படுப்பது. அரையடி உயரம் போதும். இதயம் பலவீனமாகி, படுத்தால் மூச்சு வாங்குபவர்கள் மட்டும் செங்கல் பக்கம் போகக் கூடாது. திரும்பும் ரத்தம் கூடினால் அவர்களுக்கு மூச்சுத்திணறலும் கூடும்.

கல்யாணிலிருந்து சி.எஸ்.எம்.டி. வரை 54 கிலோமீட்டர் லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே வருபவருக்கு அதே சிக்கல் வேறு உருவில். காலை ஆட்ட இடமில்லை, புழுக்கம், வெறும் வயிறு. மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து வியர்வை, கொட்டாவி, காது அடைப்பு என்று தொடங்கி மயக்கம் வரும். மயங்கி விழுவது உடலே செய்துகொள்ளும் வைத்தியம். படுத்துவிட்டால் ரத்தத்தூண் சாய்ந்துவிடும், காலில் நின்றது இதயத்துக்கு வந்துவிடும். ஆபத்து என்னவென்றால், நெரிசல் பெட்டியில் ஆள் விழ முடியாது. சுற்றியிருப்பவர்கள் பரிவோடு தூக்கி நிறுத்துவார்கள். நிறுத்தக் கூடாது. இடம் பண்ணிப் படுக்க வைத்து, கால்களைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். மயக்கம் வருவதுபோல் உணரும்போதே கால்களைப் பின்னிக்கொண்டு தொடையையும் பிட்டத்தையும் இறுக்கினால் பல நேரம் தப்பிவிடலாம்.

வால்வு கெடுவது எப்படி? சிரை விரிய விரிய இரண்டு இதழ்களும் ஒன்றையொன்று தொடாமல் போகும். ஒரு வால்வு விட்டால் அதன் பாரம் அடுத்த கீழ் வால்வின் மேல் விழும், அதுவும் விரியும். பரம்பரை, கர்ப்பம், உடல் எடை, நாள் முழுக்க நிற்கும் வேலை எல்லாம் காரணங்கள். மேற்சிரை நெளிந்து புடைப்பதுதான் வெரிகோஸ். முதலில் கனம், மாலை வீக்கம், இரவில் கெண்டை பிடிப்பு. பிறகு கணுக்காலின் உட்புறம் அரிப்பு, காபி நிறத்தில் தோல் கறுப்பு. கசிந்த சிவப்பணுக்களின் இரும்பு அங்கே படிந்ததுதான் அந்தக் கறை. அதைத் தாண்டினால் ஆறாத புண். சயான் மருத்துவமனை போன்ற மாநகராட்சி மருத்துவமனையானாலும் தனியாரானாலும் போகவேண்டிய இடம் அறுவை சிகிச்சைப் பிரிவு அல்லது ரத்தநாளப் பிரிவு. ரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று காட்டும் டாப்ளர் ஸ்கேனை நிற்க வைத்து எடுக்க வேண்டும். படுத்தபடி மட்டும் எடுத்தால் பின்னோட்டம் சரியாகத் தெரியாது. மேற்சிரையில் அரை நொடிக்கு மேல் ரத்தம் கீழே ஓடினால் வால்வு கெட்டது என்று கணக்கு. லேசரால் அந்தச் சிரையை அடைத்துவிட்டால் ரத்தம் எப்படிப் போகும் என்று பயப்படுவார்கள். ஆழ்சிரை திறந்திருக்கிறது என்று ஸ்கேனில் உறுதிசெய்த பிறகே அடைப்பார்கள். அந்த 90 சதவீத வழி போதும்.

அழுத்தக் காலுறை வாங்குபவர்கள் காலையில் வீக்கம் ஏறுவதற்கு முன் கணுக்கால், கெண்டை அளவு எடுக்க வேண்டும். கணுக்காலில் இறுக்கம் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இருப்பதே சரியான உறை. வழக்கமாக எழுதித் தருவது 20 முதல் 30 மி.மீ. பாதரச அழுத்தம் வரை. கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன் போட வேண்டும், மேல்விளிம்பை மடித்துவிடக் கூடாது. மடித்தால் அதுவே கட்டு மாதிரி ரத்தத்தை மறிக்கும். சர்க்கரை நோயாளிகளும் புகைப்பவர்களும் பாதத்து நாடியை டாக்டரிடம் காட்டாமல் வாங்கக் கூடாது. தமனி ஏற்கெனவே சுருங்கிய காலை வெளியிலிருந்தும் இறுக்கினால் விரல் கறுத்துப்போகும்.

வீக்கம் எல்லாம் ஒன்றல்ல. இரண்டு காலும் ஒருசேர வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் மூன்றையும் பார்க்க வேண்டும். பி.பி.க்கு அம்லோடிபின் சாப்பிடுபவருக்கு அந்த மாத்திரையாலும் கணுக்கால் வீங்கும். தானாக நிறுத்தாமல் எழுதிக் கொடுத்தவரிடம் சொன்னால் மாற்றித் தருவார். ஒரே கால் திடீரென்று வீங்கி, கெண்டை வலித்து, தொட்டால் சுடுகிறது என்றால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அறுவை சிகிச்சை முடிந்து படுக்கையில் கிடந்தவர்கள், பிரசவித்தவர்கள், நாகர்கோவில் வரை ஒரு நாளுக்கு மேல் ரயிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து போனவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். டேப்பால் இரண்டு கெண்டையையும் முழங்காலுக்குக் கீழே ஒரே தூரத்தில் அளந்து பாருங்கள். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை. எண்ணெய் தேய்த்து நீவிவிடக் கூடாது. உறைகட்டி பெயர்ந்தால் அடுத்து நிற்கும் இடம் நுரையீரல். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108.

புடைத்த மேற்சிரை நகம் பட்டோ குளிக்கும்போதோ உடைந்து ரத்தம் பீறிட்டால் வீட்டில் எல்லோரும் பதறிப்போய் நாற்காலியில் உட்கார வைத்து, தொடையில் கயிறு கட்டுவார்கள். இரண்டும் தப்பு. கட்டு தமனியை அடைக்காமல் சிரையை மட்டும் அடைத்தால் ரத்தம் இன்னும் கூடுதலாக வரும். அவரைத் தரையில் படுக்க வைத்து, காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி, சுத்தத் துணியை மடித்து உடைந்த இடத்தின் மேல் விரலால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நடுவில் எடுத்துப் பார்க்காமல். 100 மி.மீ. அழுத்தத்தில் பீறிட்டது, கால் உயர்ந்ததும் பூஜ்யத்துக்குப் பக்கம் வந்துவிடும். ரத்தம் நின்ற பிறகு இறுக்கமில்லாமல் கட்டுப் போட்டு, காலை உயர்த்தியபடியே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.